மூக்குக்குள் ஒரு கசப்பு: மாமாவுக்குக் கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

குடும்ப குரூப்பில் நீங்கள் ஃபார்வர்டு செய்த செய்திக்கு எல்லோரும் படிக்கிற இடத்தில் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே செய்தி வேறு பலரிடமிருந்தும் வந்துவிட்டது. கசப்பு சைனஸைக் கொல்லும், அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள், அதனால் வேப்பங்கொழுந்துச் சாற்றை மூக்கில் விடுங்கள் என்கிறது அது. வேடிக்கை என்னவென்றால் இதன் முதல் பாதிக்குள் ஒரு உண்மை கிடக்கிறது. சாறு விடச் சொல்லும் பாதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று ஒரு பாக்டீரியா. எங்கள் லேபில் அது வளர்ந்த தட்டைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். கிருமி வளர்க்கும் அகர் கூழ் முழுக்க நீலப்பச்சை பாய்ந்திருக்கும், திராட்சை ஜூஸ் போல ஒரு வாசனை வரும். நாள்பட்ட சைனஸ், தீக்காயம், வென்டிலேட்டரில் இருப்பவரின் நுரையீரல் என்று நலிந்த இடமாகப் பார்த்து உட்காரும். ஆனால் உட்கார்ந்ததும் வேலையைக் காட்டாது. ஒவ்வொரு செல்லும் ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்த சின்ன மூலக்கூறை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது கரைந்து காணாமல் போகும். எண்ணிக்கை பெருகப் பெருக மூலக்கூறின் அடர்த்தியும் ஏறும். ஒரு அளவைத் தாண்டியதும் அது பாக்டீரியாவுக்குள்ளேயே வேலை செய்து நூற்றுக்கணக்கான ஜீன்களை முடுக்கிவிடும். திசுவை அரிக்கும் நொதிகளும் நஞ்சுகளும் பெருமளவில் வருவது அதற்குப் பிறகுதான். சொசைட்டி செக்ரட்டரியாக இருந்த உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, கோரம், அதாவது கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, சேராமல் தீர்மானம் போட முடியாதே. இதன் பெயரும் கோரம் சென்சிங்தான்.

சரி, பாக்டீரியா தன் கூட்டத்துக்காக விடும் இந்த மூலக்கூறை நம் செல்களும் கவனிக்கின்றன. மூச்சுக்குழாய்ச் செல்கள் அதை நொதியால் உடைத்துப்போடுவது 2004-இல் தெரியவந்தது. 2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லீ, நோம் கோஹன் குழு இன்னொரு விஷயத்தைக் காட்டியது. மூக்கின் உள்சுவர்ச் செல்களில் நுண்ணிய குறு இழைகள் இருக்கின்றன, நாளெல்லாம் அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுபவை. அந்த இழைகளில் ஒரு கசப்பு ஏற்பி, அதாவது கசப்பை உணரும் புரதம், உட்கார்ந்திருக்கிறது. நாக்கில் இருக்கும் அதே ஏற்பி, பெயர் டி2ஆர்38. சூடோமோனாஸின் மூலக்கூறு அதில் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. அந்த வாயு இழைகளை வேகமாக அடிக்க வைக்கிறது, பாக்டீரியாவை நேரடியாகவும் கொல்கிறது. எல்லாம் நிமிடக் கணக்கில் நடந்துவிடும். புதிய கிருமிக்கு ஆன்டிபாடி தயாராக நாள் கணக்கில் ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். இதில் மூளைக்கு வேலையே இல்லை. உங்களுக்குக் கசப்பதாகத் தோன்றவும் தோன்றாது.

இந்த ஏற்பி எல்லோருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பதில்லை. இந்த வேறுபாடு தெரியவந்ததே ஒரு விபத்தில்தான். 1931-இல் டூபான்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பிடிசி என்ற தூளைப் புட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முறையிட்டார். கொட்டிய ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. இது பரம்பரையாக வரும் குணம் என்பது சீக்கிரமே தெரிந்தது. ஜீன் எது என்பது தெரிய 2003 வரை ஆனது. அந்த ஜீன் உருவாக்குவதுதான் டி2ஆர்38. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி வரும். இரண்டுமே செயலற்ற வகையாக இருப்பவர்களின் மூக்குச் செல்கள் சூடோமோனாஸின் மூலக்கூறைப் பார்த்தும் மந்தமாகவே இருந்தன. சைனஸ் நோயாளிகளைப் பார்த்தபோது, இரண்டும் நன்றாக வேலை செய்கிறவர்களிடம் சூடோமோனாஸ் சேர்ந்த கிராம்-நெகட்டிவ் என்ற வகைக் கிருமிகளின் தொற்று குறைவாக இருந்தது.

இங்கே உங்கள் பாகற்காய் பெருமைக்கு வருகிறேன். கசப்பே தெரியாமல் சாப்பிடுவதாகச் சொல்வீர்களே, அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. மனிதருக்குச் சுமார் 25 வகைக் கசப்பு ஏற்பிகள் இருக்கின்றன. டி2ஆர்38 அவற்றில் ஒன்று, முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்துக் கசப்பில் சிலவற்றை அறிவது. பாகற்காயின் கசப்பு தெரியாதவருக்கும் டி2ஆர்38 நன்றாகவே வேலை செய்யலாம்.

அப்புறம், உங்களுக்குச் சுகர் இருப்பதால் இன்னொன்று. மூக்கில் வேறு சில செல்கள் உண்டு, அவற்றில் கசப்பு ஏற்பியும் இனிப்பு ஏற்பியும் சேர்ந்தே இருக்கும். கசப்பு பட்டால் அவை பக்கத்துச் செல்களை உசுப்பி, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களை வெளியே விடச் செய்யும். ஆனால் மூக்குச் சளியில் குளுக்கோஸ் இருந்தால் இனிப்பு ஏற்பி அந்த வேலையை அடக்கிவைக்கும். சளியில் எப்போதும் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கும். கிருமி பெருகி அதைத் தின்று தீர்க்கும்போது அந்தத் தடை விலகும் என்று கருதுகிறார்கள். நாள்பட்ட சைனஸ்காரர்களின் சளியில் குளுக்கோஸ் கூடுதலாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். இதில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு பாக்டீரியா செய்யும் தந்திரம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது டி-வகை அமினோ அமிலங்களை, அதாவது வழக்கமான அமினோ அமிலங்களின் கண்ணாடிப் பிம்பம் போன்றவற்றை, வெளியே விடும். அவை இனிப்பு ஏற்பியில் போய் உட்கார்ந்து, மணி அடிக்க வேண்டிய செல்லை வாயடைத்துவிடும். இதை வைத்து சுகரைக் குறைத்தால் சைனஸ் போய்விடும் என்று தாவிவிடாதீர்கள். பெரும்பாலும் லேபில் வளர்த்த செல்களில் பார்த்தது இது.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை, பாக்டீரியாவும் நம் செல்களின் செய்தியைக் கவனிக்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று உசுப்ப இன்டர்ஃபெரான்-காமா என்ற புரதத்தை விடும். சூடோமோனாஸின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொள்வதை 2005-இல் ஜான் ஆல்வர்டியின் சிகாகோ குழு கண்டது. பிடித்ததும் பாக்டீரியா தன் கோரம் சென்சிங்கை முடுக்கி, குடல் சுவரைச் சேதப்படுத்தும் ஒரு புரதத்தை அதிகமாகச் செய்கிறது. நம் உடம்பு போருக்குத் தயாராகும் செய்தியையே அது தனக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா நம் பதற்ற ஹார்மோன்களான அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் உணர்ந்து தாக்குதல் ஜீன்களை இயக்குவது 2003-லேயே தெரியும். அதனால்தான் எதிர்ப்பு சக்தியை ஏற்றிவிடுங்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எதை ஏற்றுவது, யார் கவனிக்க?

இப்போது வேப்பங்கொழுந்து. நான் சொன்ன ஆய்வுகளில் யாரும் அதை மூக்கில் விட்டுப் பார்க்கவில்லை. அம்மியில் அரைத்த சாற்றோடு என்னென்ன கிருமி உள்ளே போகும் என்று யாருக்குத் தெரியும்? கசப்பு மருந்தால் மூக்கின் இந்த ஏற்பிகளைத் தூண்டலாமா என்பதை ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள், சைனஸுக்கென்று கடையில் வாங்கும் நிலைக்கு வரவில்லை. மூக்கைக் கழுவ வேண்டுமென்றால் டாக்டர் சொன்ன உப்புக்கரைசல் போதும், தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்து ஆறவிட்டு எடுங்கள்.

தீபாவளிக்கு வரும்போது எங்கள் டிபார்ட்மென்டிலிருந்து அந்தப் பிடிசி தடவிய தாள் கொண்டுவருகிறேன், அத்தைக்கும் சேர்த்து. நாக்கில் வைத்துப் பார்க்கலாம். முடிவு எதுவானாலும், ஈஎன்டி டாக்டர் எழுதிக்கொடுத்த கல்ச்சர் டெஸ்டை, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனையை, அதற்குள் எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது ஸ்டஃபிலோகாக்கஸ் என்றால் அது அந்த லாக்டோனை விடுவதே இல்லை. டி2ஆர்38 பற்றி நான் எழுதியது உங்கள் மூக்குக்குப் பொருந்துமா என்பதே அந்த ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்