மர்ம நாவல் கேட்டு வருபவருக்கு அடுத்து எதைக் கொடுப்பது

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கத்துக் கிளை நூலகத்தில் பொறுப்பேற்ற கையோடு ஒரு குறையும் எழுதியிருக்கிறாய். வருபவர்களில் பாதிப் பேர் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று கேட்டு வாங்கிப் போகிறார்களே தவிர மற்ற அலமாரிகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றும், அவர்களை நல்ல நாவல்களுக்கு எப்படிக் கொண்டுவருவது என்றும் கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியிலேயே எனக்கு உடன்பாடில்லை. மர்ம நாவல் படிப்பவரை நாம் எங்கும் கொண்டுவர வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே நூலகத்துக்குள் நிற்கிறார், படிக்க அடுத்த நூலைக் கேட்கிறார். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பாய். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்னும் இரண்டாம் விதியில் வாசகரின் தரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

துப்பறியும் கதையைக் கீழாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாகவே உண்டு. ஆனால் ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் பின்னால் வந்த தமிழ்வாணனின் சங்கர்லாலும் எத்தனையோ வீடுகளில் முதன்முதலாக ஒரு முழு நாவலைப் படித்து முடிக்க வைத்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. முந்நூறு பக்கத்தை இரண்டு இரவில் முடிக்கும் ஒருவரிடம் வாசிப்புப் பழக்கம் இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இனி, பரிந்துரைக்கும் வேலைக்கு வருகிறேன். "உங்களுக்கு எந்த மாதிரி நாவல் பிடிக்கும்?" என்று கேட்காதே. "நல்லதா ஏதாவது குடுங்க" என்பதுதான் பதிலாக வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அவர் திருப்பிக் கொடுக்கும் நூலைக் கையில் வாங்கும்போதே, இது எப்படி இருந்தது, இதில் எது பிடித்தது என்று கேள். அமெரிக்காவில் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் பணியாற்றிய நான்சி பெர்ல் என்னும் நூலகர், ஒரு நாவலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. ஒவ்வொரு வாசகருக்கும் இவற்றில் ஒன்று மற்றவற்றைவிட அகலமாகத் திறந்திருக்கும். நாவல் மர்மமா இலக்கியமா என்று வகை பிரிப்பதைவிட, இவர் எந்த வாசலில் நுழைந்தார் என்று கண்டுபிடிப்பது நம் மேசைக்கு அதிகம் பயன்படும்.

சுஜாதாவைத் திருப்பிக் கொடுக்க வரும் மூன்று பேரை எடுத்துக்கொள். கொலையாளி யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒருவர் வியப்பார். வக்கீல் கணேஷின் ஜூனியர் வசந்த் பேசும் பேச்சுக்காகவே படித்தேன் என்று இன்னொருவர் சிரிப்பார். வசந்த் தொடங்கித் தொடங்கி முடிக்காமலே விடும் மெக்சிகோ சலவைக்காரி ஜோக் முழுதாக எந்த நூலில் வருகிறது என்று உன்னிடமே கேட்டாலும் கேட்பார், பதில் தேடி அலையாதே. மூன்றாமவர் கரையெல்லாம் செண்பகப்பூவைக் கொடுத்துவிட்டு, நாட்டுப்புறப் பாடல் சேகரிக்க வந்தவன் தங்கும் அந்த ஜமீன் பங்களாவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். ஒரே எழுத்தாளரின் வாசகர்கள்தான், ஆனால் மூவருக்கும் அடுத்த நூல் வேறு வேறு.

முதலாமவருக்குத் தயங்காமல் இன்னொரு மர்ம நாவலையே கொடு. கணேஷ் முதன்முதலாக வரும் நைலான் கயிறு 1968இல் வந்தது, இன்றும் தொய்வில்லாமல் ஓடுகிறது. கொலையுதிர் காலம் அறிவியலா அமானுஷ்யமா என்ற இழுபறியிலேயே வாசகரைப் பிடித்து வைத்திருக்கும். அதையும் அவர் முடித்துவிட்டால் இமையத்தின் செல்லாத பணத்தை எடுத்துக் காட்டலாம். பொறியியல் படித்த பெண் ஓர் ஆட்டோ ஓட்டுநரைப் பிடிவாதமாகத் திருமணம் செய்துகொள்கிறாள். பிறகு உடலெல்லாம் வெந்த நிலையில் ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். தானே தீ வைத்துக்கொண்டாளா, கணவன் கொளுத்தினானா? இந்தக் கேள்வி நாவல் முழுக்க ஓடுகிறது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் என்ற அறிமுகத்தைவிட இந்தக் கேள்வியே துப்பறியும் கதை வாசகரை இழுக்கும். ஆனால் ஒன்று, அந்த மருத்துவமனைக் காட்சிகள் தாங்க முடியாதவை. வீட்டில் அப்படி ஒரு சாவைப் பார்த்தவர்கள் நம் ஊர்களில் அரிதல்லர். ஆகவே நூலைக் கொடுப்பதற்கு முன்பே கதை எதைப் பற்றியது என்று சொல்லிவிட வேண்டும். முடிவை மட்டும் சொல்லாதே.

இரண்டாமவர் பேச்சுக்காகப் படிப்பவர். வக்கீல்களின் நகரத்து நையாண்டியிலிருந்து கிராமத்துப் பேச்சுக்கு அவர் எளிதாகத் தாவிவிடுவார். இமையத்தின் எங் கதெ சிறிய நூல். ஓர் ஆண் தன் காதலையும் எரிச்சலையும் பேச்சு வழக்கிலேயே கொட்டித் தீர்ப்பது. நின்றபடியே இரண்டு பக்கம் படித்துப் பார்க்கச் சொல். பிடித்தால் எடுத்துக்கொண்டு போவார்.

மூன்றாமவர் விஷயத்தில் உனக்கு நான் பெற்றிராத ஒரு வசதி இருக்கிறது. நீ இருப்பது கரிசல் பூமி. உன் நூலகத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்து ஊர்களே அந்த அலமாரியில் நாவல்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. இடைசெவல் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமத்தில் நகைக்காக ஒரு பெண் கொல்லப்படுகிறாள், கொன்றவன் பிடிபடுகிறான், ஊர் கூடி அவனைக் கழுவேற்றுகிறது. மர்ம நாவல் வாசகருக்கு இதைவிட நல்ல நுழைவு வேண்டுமா? சோ. தர்மனின் சூல் ஒரு கண்மாயின் கதை. எஸ். ராமகிருஷ்ணனின் சஞ்சாரம் கரிசல் நாட்டு நாதஸ்வரக் கலைஞர்களின் கதை. தன் ஊர்ப் பெயர் அச்சில் வருவதைப் பார்க்கும் வாசகர், கதை மெல்ல நகர்ந்தாலும் பொறுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு நூலைத்தான் மேசை மேல் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் பூமணியின் வெக்கையைத்தான் வைப்பேன். பதினைந்து வயதுச் சிதம்பரம் ஒருவனை வெட்டிச் சாய்த்துவிட்டு இருட்டில் ஓடுவதில் நாவல் தொடங்குகிறது. கொன்றது யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், துப்பறிய அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் அப்பனும் மகனும் காடுமேடெல்லாம் ஒளிந்து திரியும் அந்தச் சில நாள்களில், அகப்பட்டுவிடுவார்களோ என்ற பதைப்பும், இந்தப் பையனை இதுவரை கொண்டுவந்து நிறுத்தியது எது என்ற கேள்வியும் நம்மைக் கீழே வைக்க விடுவதில்லை. நடுநடுவே அவர்கள் சோறு பொங்கித் தின்பதை பூமணி எவ்வளவு நிதானமாக எழுதுகிறார் என்று பார். 1982இல் வந்த நாவல். 2019இல் வந்த அசுரன் படம் இதைத் தழுவியது என்று சொன்னால் இளைஞர்கள் கை தானாகவே நீளும். படமும் நாவலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துச் சொல், இல்லையென்றால் சண்டைக் காட்சி எங்கே என்று கேட்டு வருவார்கள்.

வெக்கையை விரும்பியவருக்குப் பெருமாள்முருகனின் பூக்குழியைக் கொடுக்கலாம். சோடாக் கடையில் வேலை பார்க்கும் குமரேசன் வேறு சாதிப் பெண்ணான சரோஜாவை மணந்து ஊருக்கு அழைத்துவருகிறான். என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தே படிக்கும் அச்சம் எந்தத் திகில் கதைக்கும் குறைந்ததல்ல. பெரிய நூல்களில் அவசரப்படாதே. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் ஆயிரம் பக்கத்தைத் தொடும் நூல். விருது பெற்றது என்பதற்காக அதை மர்ம நாவல் வாசகரின் கையில் முதல் நூலாகத் திணித்தால், அடுத்த முறை அவர் உன்னிடம் யோசனை கேட்க மாட்டார். பெண்கள் என்றால் குடும்ப நாவல்தான் கேட்பார்கள் என்ற முடிவோடும் உட்காராதே. தீப்பெட்டி ஆலையிலிருந்து வேலை முடிந்து வருபவர் ராஜேஷ்குமார் கதைகளில் வரும் விவேக்கையும் ரூபலாவையும் கேட்டால் அவர்களையே எடுத்துக் கொடு.

புதிய நூலை எப்போதும் இரண்டாவது நூலாகக் கொடு. ஒன்று அவருக்கு உறுதியாகப் பிடிக்கும் வகை, இன்னொன்று நீ பார்த்துத் தேர்ந்தது. பிடிக்காவிட்டால் முடிக்காமலே கொண்டுவந்து தரலாம் என்று வாய்விட்டுச் சொல். நான்சி பெர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது பக்கம் படித்துப் பார், பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வரும் பக்கங்கள் படித்தால் போதும். எண்பது வயதுக்காரருக்கு இருபது பக்கம். இதைச் சொன்னால் பெரியவர்கள் மகிழ்ந்து போவார்கள்.

நூலின் பின்பக்கத் தேதிச் சீட்டைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். முத்திரை நெருக்கமாக விழுந்திருக்கும் நூலுக்கு உன் பரிந்துரை தேவையில்லை. முதல் இரண்டு முத்திரைக்குப் பின் வெறுமையாக இருக்கும் நல்ல நூலை எடுத்து, திரும்பி வந்த நூல்கள் கிடக்கும் மேசையில் கலந்து வைத்துவிடு. அலமாரிக்குப் போகாதவர்களும் அந்த மேசையைக் கிளறாமல் போக மாட்டார்கள்.

இன்னொன்று. பழைய மர்ம நாவல்களில் ஏதாவது ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சில் புள்ளியோ சிறு சுழியோ தென்படும். ராஜேஷ்குமார் எழுதியவை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல். தலைப்பை வைத்து எது படித்தது எது படிக்காதது என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்? ஆகவே வயதானவர்கள் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு பக்கத்தைத் தேர்ந்து அதில் அடையாளம் இட்டுவைக்கிறார்கள். நூலில் எழுதாதே என்ற பலகை சுவரில் தொங்கட்டும். இந்தப் புள்ளிகளை நீ அழிக்க வேண்டாம். கழிவு நூல் பட்டியல் தயாரிக்கும்போது, பைண்டு கிழிந்த பாக்கெட் நாவல் தொகுப்புகளை முதலில் சேர்த்துவிடாமல், எந்தெந்தத் தொகுப்பில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய். மறு பைண்டுக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றால் வாசகர் வட்டத்தில் பேசிப் பார்.

அன்புடன்,
அம்மா