யோனா கதையை உனக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன்

எய்யா,

போன வாரம் போனை வைக்கும்போது சொன்னாயே, "நான் சொல் பேச்சு கேக்காத பிள்ளைம்மா, எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன்" என்று, அது எனக்கு இரண்டு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அந்தப் பயத்தை உனக்குள் போட்டது நான்தான்.

உனக்கு அப்போது ஏழு வயது. வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகம வகுப்பில் ஃபிளானல் போர்டில் நீலத் துணியை விரித்து, அட்டை மீனை ஒட்டி யோனா தீர்க்கதரிசியின் கதை சொன்னேன். நினிவே ஊருக்குப் போய்ப் பிரசங்கி என்று ஆண்டவர் சொன்னால் அவன் யோப்பா துறைமுகத்தில் கூலி கொடுத்துக் கப்பலேறி எதிர்த் திசையில் தர்ஷீசுக்கு ஓடினான், பேச்சைக் கேட்காததால் மீன் விழுங்கிவிட்டது, அவ்வளவுதான் கதை. அந்த வாரம் காணிக்கைக்குக் கொடுத்த இரண்டு ரூபாயில் நீ குச்சி ஐஸ் வாங்கித் தின்றிருந்தாய், அதனால் மீனைக் கொஞ்சம் பெரிதாகவே சொன்னேன். அப்புறம் கடற்கரைக்குப் போனபோது மற்றப் பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் ஆட, நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் மணலிலேயே நின்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, உள்ளுக்குள் ஒரு திருப்தியும்கூட.

ஈஸ்டருக்கு முந்திய இந்த லெந்து நாட்களில் யோனா புத்தகத்தின் நாலு அதிகாரத்தையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடலில் தூக்கிப் போட்டது கப்பற்காரர்கள். கடற்பாசி தலையைச் சுற்றிக்கொண்டது என்று ஜெபத்தில் அவனே சொல்கிறான், அப்படி மூழ்கிக்கொண்டிருந்தவனை மூன்று நாள் உள்ளே வைத்திருந்து கரையில் கொண்டுபோய்க் கக்கியது அந்த மீன். நான் பிரம்பு என்று சொல்லிக்கொடுத்தது அவனுக்கு வள்ளமாக வந்திருக்கிறது! இத்தனை வருஷம் சண்டே ஸ்கூல் நடத்தியவளுக்கு இது தெரியவில்லை பார். கரையேறியவனிடம் ஏன் ஓடினாய் என்று ஆண்டவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டாந்தரமும் அதே வேலையைத்தான் கொடுக்கிறார், இந்தத் தடவை அவன் எழுந்து போகிறான். கீழ்ப்படிய வேண்டாம் என்று சொல்லவரவில்லை, எது முந்தி எது பிந்தி என்பதில்தான் நான் கோட்டை விட்டேன். பத்துக் கட்டளையைப் பார், இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் சீனாய் மலையில் கொடுக்கிறார், இதற்கெல்லாம் சம்மதித்தால்தான் செங்கடலைப் பிளப்பேன் என்று பேரம் பேசவில்லை.

சரி, பிரசங்கம் போதும். என்னைப் பிடித்து உலுக்கியது நாலாம் அதிகாரம். நினிவே மனந்திரும்பிவிட்டது, ஆண்டவர் மன்னித்துவிட்டார், அது இவனுக்குப் பொறுக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே ஒரு குடிசையைப் போட்டுக்கொண்டு, இந்த ஊருக்கு என்ன ஆகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறான். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு போன இந்த நாலு வருஷமும் நான் உட்கார்ந்திருந்தது அந்தக் குடிசையில்தான். அப்பா அன்றைக்கே கிளம்பலாம் என்றார், நான்தான் விடவில்லை. உன் வேலை போனது என்று கேள்விப்பட்டபோது, எய்யா, இதை எழுதக் கை கூசுகிறது, நான் அழவில்லை. அன்றைக்கு வேத புத்தகத்தைத் திறந்துவைத்து ஜெபம்கூடப் பண்ணினேன், உனக்காக என்று சொல்லிக்கொண்டு. நீ ஒரு தடவை ஓடினாய், அதுவும் எல்லோருக்கும் தெரியும்படி. நான் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஓடியிருக்கிறேன், எனக்கு எந்த மீனும் வரவில்லை என்பதால் கீழ்ப்படிந்தவள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகம் முடிகிற விதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு நிழல் தந்த ஒரு ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கு இவ்வளவு வருத்தப்படுகிறாயே, இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபிக்கமாட்டேனா என்று ஆண்டவர் யோனாவிடம் கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை. நம் வீட்டுக் கிணற்றடி ஆமணக்கைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி என்னைக் கேட்ட மாதிரியே இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸில் அப்பாவும் நானும் கிளம்புகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. வரவேண்டாம் என்று சொல்லிவிடாதே. சீலாக் கருவாடும் மக்ரூனும் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு உண்டு, மருமகள் சாப்பிடுவாளா என்று கேட்டுச் சொல். இல்லை, அவள் நம்பரைக் கொடு, நானே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா