சாருக்கு, கடைசி அத்தியாயம் பற்றி

சார்,

தலைத்திவசம் முடிந்த மறுநாள் அக்கா உங்கள் மேஜையிலிருந்த காகிதக் கட்டை என்னிடம் எடுத்துக் கொடுத்தார். தொடரின் கடைசி அத்தியாயத்தை எழுத ஒப்புக்கொண்டுவிட்டேன். பதிப்பகத்துக்கும் வீட்டுக்கும் நடந்த பேச்சை இங்கே எழுதப்போவதில்லை. இதைப் படிப்பவர்களில் உறவினர்களும் உண்டு.

கொலைகாரன் யார் என்று நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் பென்சிலும் கையுமாக முதலிலிருந்து படித்தேன். பால்காரரிடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

முதல் அத்தியாயத்தில், இரண்டு கைகளிலும் பால் தூக்குடன், வாசல் கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக நொண்டியடித்துப் போகிறார். சிரித்துவிட்டு எல்லோரும் மறந்திருப்பார்கள். நான்காம் அத்தியாயத்தில் அதே பால்காரர் தெருவிலிருந்து நேராக நடந்து வந்து கதவைத் தட்டுகிறார். அதற்குப் பிறகுதான் பெரியவர் இறந்து கிடப்பதையே பார்க்கிறார்கள். சாவு விழுந்த வீட்டில் கோலம் போடமாட்டார்கள். அப்படியானால், விடியும் முன்பே அந்த வீட்டில் ஒருத்திக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அச்சகத்தில் புரூஃப் பார்த்த அன்று, அந்த இடத்தில் 'கோலம் இல்லாத வாசலில்' என்று ஓரத்தில் எழுதினேன். சிவப்பு மையால் அடித்தீர்கள். "ஏம்மா, நீயே காட்டிக் கொடுத்துவிடுவாய் போலிருக்கிறதே! பால்காரன் நடக்கட்டும், போதும்" என்றீர்கள். பிறகு 1892இல் கானன் டாயில் எழுதிய 'சில்வர் பிளேஸ்' கதையைச் சொன்னீர்கள். இரவில் லாயத்திலிருந்து குதிரை போகிறது, நாய் குரைக்கவில்லை. வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன். உலகமே அந்த நாயைக் கொண்டாடுகிறது. உங்களுக்குப் பிடித்ததோ ஆட்டுக்கறி. காவல் பையனுக்குப் போன சாப்பாட்டில் அபின். மசாலாவில் அதன் ருசி அமுங்கிப்போனது. அன்று அந்த வீட்டில் மசாலாக் கறிதான் என்று வெளியாள் எப்படி ஏற்பாடு செய்ய முடியும்? "தடயத்தைச் சாப்பாடாகவே பரிமாறிவிட்டார், நாமும் சாப்பிட்டுவிட்டோம்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். டீ ஆறியது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலத்துக்காகவே காலம் முழுக்க உங்களுக்குப் புரூஃப் பார்த்திருப்பேன்.

சரி, அந்தக் கோலத்தை உங்களுக்குச் சொன்னது யார்? பாட்டி இறந்த காலையில் வெறும் வாசலைப் பார்த்துத்தான் தெருவுக்கே செய்தி தெரிந்தது என்று நான் சொன்னேன். தொடர் தொடங்கியபோது எழுதிய முன்னுரையில் டீ வாங்கி வந்த பையனுக்குக்கூட நன்றி இருக்கிறது. இதைப் பொதுவில் எழுதியிருக்க வேண்டாமோ என்னவோ. அக்கா படிப்பார். இருக்கட்டும்.

மருமகளைக் கொலைகாரி ஆக்க எனக்கு மனம் வரவில்லை, மன்னித்துவிடுங்கள். தெரிந்தும் வாய் திறக்காதவள் அவள், அவ்வளவுதான். இது என் இரக்கம் மட்டுமல்ல, நீங்கள் எழுதி வைத்ததும் அப்படித்தான் சொல்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் கூடத்துத் தட்டில் வெற்றிலை, சுண்ணாம்பு, சாவிக்கொத்து, பாக்குவெட்டி, மூக்குக்கண்ணாடி. பெரியவரோ மாடியில், மார்பில் விரிந்த கணக்கு நோட்டுடன் கிடந்தார். கண்ணாடி இல்லாவிட்டால் தாத்தாவுக்குச் சுவர்க் காலண்டர்கூடத் தெரியாது என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே பேத்தி கேலி செய்துவிட்டாள். நோட்டை விரித்து வைத்தது வேறு கை. அது கணக்குப்பிள்ளையின் கை என்று முடிவு செய்திருக்கிறேன்.

வேறு யாரையாவது மனதில் வைத்திருந்தீர்கள் என்றால், அதற்கும் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்க வேண்டும். மருத்துவமனையில் வந்து வந்து உட்கார்ந்திருந்தேனே! ஒரு பெயர் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

1929இல் ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் வகுத்த பத்து விதிகளில், துப்பறிபவன் கண்டெடுத்ததை வாசகனுக்கும் காட்டிவிட வேண்டும் என்று ஒன்று உண்டு. என் அத்தியாயத்தில் புதுக் கடிதமோ திடீர் இரட்டைப்பிறவியோ வராது. எல்லாம் நீங்கள் ஏற்கெனவே வைத்துவிட்டுப் போனவைதான்.

புத்தகமாக வரும்போது ஒரே ஓர் இடத்தில் கைவைத்திருக்கிறேன். பட்டியலின் கடைசியில் இருந்த மூக்குக்கண்ணாடியை, சுண்ணாம்புக்கும் சாவிக்கொத்துக்கும் நடுவே செருகிவிட்டேன். கடைசியில் நிற்பது கண்ணில் பட்டுவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஏதோ அவசரத்தில் எழுதியிருக்கிறீர்கள்.