தோற்காத அணிக்கு இடமில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்தில், தேர்வுக்குழு பொறுக்கி எடுக்கும் அணிகள் தேசியப் பட்டத்துக்காக மோதும் பிளேஆஃப் சுற்றைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 2023 ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது வருத்தம்தான்.

பருவத்தின் கடைசியில் வரும் பவுல் ஆட்டத்துக்கு முன் ஆடிய 13 ஆட்டங்களிலும் அவர்கள் ஜெயித்தார்கள். நவம்பரில், தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அப்புறமும் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் என்ற வேறொரு அணியை வென்றார்கள். முதலாண்டு மாணவர் ஒருவரைக் குவார்ட்டர்பேக்காக இறக்கி, லூயிவில் அணியை 16-6 என்று மடக்கி, தாங்கள் ஆடும் ஏசிசி லீக்கின் பட்டத்தையும் எடுத்தார்கள். தடுப்பாட்டம் அவ்வளவு வலு! மறுநாளே தேர்வுக்குழு, தலா ஒரு தோல்வி கண்ட டெக்சாஸையும் அலபாமாவையும் பிளேஆஃபுக்கான நான்கு அணிகளுக்குள் சேர்த்து, இவர்களை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளியது. டிராவிஸ் இல்லாததால் அது பழைய அணி இல்லையாம். ‘என் கால் முன்னமே உடைந்திருந்தால் அணியின் பலம் உங்களுக்குத் தெரிந்திருக்குமே’ என்ற பொருளில் டிராவிஸ் எழுதியதைப் படித்தபோது மனசு கனத்துப்போனது.

பிறகு ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டி, குழு செய்தது சரி என்கிறார்கள். ஃபுளோரிடா ஸ்டேட்டின் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆடாத ஆட்டம் அது.

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகளுக்கு இடம் தருகிறார்கள். அது ஓராண்டு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்