யார் வந்து அழைத்துப் போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் உடலை உறையவைத்துக் காப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இறந்தவரைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்திருந்து, மருத்துவம் வளர்ந்த காலத்தில் எழுப்பலாம் என்று சிலர் நம்புவதைத் தெளிவாகவே விளக்கியிருந்தார் கட்டுரையாளர். கடைசிப் பத்தியைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மனநோயில் வாடியவர்களையும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களையும் இதில் சேர்க்கக் கூடாதாம். நிம்மதியாகப் போனவர்களை மறுபடி வதைக்கலாமா என்று கேட்கிறார்.

நிம்மதியாகப் போனார்கள் என்று இவரிடம் யார் வந்து சொன்னார்கள்?

என் சித்தப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சீவிப் பால் எடுத்தவர். 1979ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் அவர் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகவில்லை. மரங்களிலிருந்து கழற்றி வந்த, பால் வடியும் மங்குகளைத் தொழிலாளர் வீடுகளான லயத்து வாசலில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ பேசுகிறார்களாம். அடுத்த வாரம் கயிற்றோடு பிடித்தார்கள். "அண்ணே, என்னைப் போகவிடு" என்று அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

தஞ்சோங் ரம்புத்தானில் சேர்த்தோம். 1911 முதல் இருக்கும் மனநல மருத்துவமனை அது. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். நம் ஆட்களுக்கோ ஊர்ப் பெயரைச் சொன்னாலே வசைதான். நான்கு மாதம் மருந்து சாப்பிட்டபின் பார்க்கப் போனோம். அடுத்த முறை கருவாட்டுக் குழம்பு கொண்டுவரச் சொன்னார். போகவிடு என்று கெஞ்சியவரும் அவர்தான், குழம்பு கேட்டவரும் அவர்தான். கட்டுரையாளர் முதல் பேச்சை மட்டும் உயிலாக எழுதிக்கொள்கிறார். தற்கொலைக்கு முயன்றவரைச் சிறைக்கு அனுப்பும் 309ஆவது பிரிவு 2023 வரை நம் மலேசியச் சட்டத்தில் இருந்தது. அதை எடுத்த பிறகாவது அந்த நோயாளியை வேறு கண்ணால் பார்க்க வேண்டாமா?

ஆனால் இதில் சிக்கலே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016இல் பிரிட்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த 14 வயதுச் சிறுமி தன்னை உறையவைக்கும்படி எழுதிக் கேட்டாள். நீதிமன்றம் அவள் தாயின் கையில் முடிவை விட்டது. அவள் தெளிந்த மனத்தோடு கேட்டாள். மனம் கலங்கியவர் விஷயம் அப்படியல்ல. மூளையை உள்ளபடி காப்பதென்றால் நோயையும் சேர்த்துத்தான் காக்கிறோம். எழுப்புவதற்கு முன்பே குணப்படுத்திவிடலாம் என்றால், தூங்குகிறவரிடம் யார் சம்மதம் கேட்பது? மங்குக்குள் கேட்ட குரலை அடக்கலாம், அதுவரை எனக்குச் சம்மதம். அதற்கு மேல் கையை வைத்து, பிடிவாதத்தையும் அழுகையையும் வழித்தெடுத்துவிட்டு ஒருவரை எழுப்பினால், எழுந்து வருகிறவர் என் சித்தப்பா அல்லர். முதன்முதலில், 1967இல், உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டு உளவியல் பேராசிரியர். அவரிடம் கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும். அவரோ இன்னும் எழுந்திருக்கவில்லை. இதுவரை யாருமே எழுந்ததில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. சித்தப்பாவை அழைத்துப் போகலாம் என்று மருத்துவமனையிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. அப்பா அவற்றைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தார். 1993இல் அப்பா இறந்தபிறகுதான் என் கண்ணில் பட்டன. மறுநாளே வேன் பிடித்துப் போய்க் கூட்டிவந்தேன். வழியில் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே லயமும் இல்லை, ரப்பரும் இல்லை; கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்பனை. முனியாண்டி கோயில் மட்டும் நின்றது. அதன் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். செத்துப்போனார், ஈப்போவுக்குப் போய்விட்டார், தெரியவில்லை என்று நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு ஒரு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

பதினான்கு வருடத்துக்கே இப்படி. இருநூறு வருடம் கழித்து எழுகிறவர் யார் பெயரைக் கேட்பார்? அமெரிக்காவில் முழு உடலுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டாலர், தலைக்கு மட்டும் 80,000 டாலர் என்று கட்டணம் வாங்கும் நிறுவனம் இருக்கிறது. எழுந்தவரை வாசலில் வந்து அழைத்துப் போவது யார் என்றும் அந்த ஒப்பந்தத்தில் எழுதட்டும். எழுவதிருக்கட்டும், காத்துக் கிடப்பதற்கே ஆள் வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவின் சாட்ஸ்வர்த் கல்லறையில், உறவினர்கள் பணம் கட்டுவதை நிறுத்தியதும் ஒன்பது உடல்கள் கவனிப்பாரின்றி உருகி அழுகியது 1979இல் வெளிப்பட்டது. சித்தப்பா மங்குகளை அடுக்கிய அதே வருடம்.

சித்தப்பா அதன்பின் பதினோரு வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அன்று கயிற்றைப் பிடுங்கியது சரிதானா என்று ஒருநாள் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே, "அது சரிதானப்பா. ஆனால், என்னைக் கூப்பிட ஏன் அவ்வளவு நாள் வரவில்லை?" என்றார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்