சீப்பு 19 கிராம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சரசு,

திட்டாதே. இரண்டு வருஷத்துக்கு முன்பு நீ கொடுத்த 'The Things They Carried' ('அவர்கள் சுமந்தவை') புத்தகத்தைப் போன வாரம்தான் கையில் எடுத்தேன். அதுவும் முழங்கால் வீங்கி, படி இறங்க முடியாமல் கிடந்ததால். மற்றபடி எல்லாரும் சுகம். உன் மருமகளின் கோபம் தீர்ந்ததா? தீராது, தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிம் ஓ'பிரையன் வியட்நாம் போரில் இருந்தவராச்சே, வெடியும் வீரமுமாக எழுதியிருப்பார் என்று நினைத்தேன். மனுஷன் மளிகைக் கடைக்காரர் மாதிரி நிறுத்துக்கொண்டே போகிறார்! தலைக்கவசம் 5 பவுண்டு. ரேடியோ, பேட்டரியோடு 26 பவுண்டு. கதையில் வரும் லெஃப்டினன்ட் கிராஸ், தான் காதலிக்கிற மார்த்தாவின் கடிதங்களைச் சுமக்கிறான்; அவற்றுக்கும் எடை உண்டு, 10 அவுன்ஸ். அவள் அனுப்பிய கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். கூட வந்த லாவெண்டர் சுடப்பட்டுச் சாகிறான். இவளையே நினைத்துக்கொண்டிருந்ததால் வந்த வினை என்று கடிதங்களைக் கொளுத்திவிடுகிறான். ஆனால் வருஷங்கள் கழித்தும் அந்தச் சாவுக்குத் தன்னை மன்னிக்கவில்லை.

நம்மவர்களின் போர்க்கதைகளில் சபதம் இருக்கும், கொடி இருக்கும். யாருக்கும் தோள்பட்டை வலிக்காது.

ராணிப் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். 1943இல் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்திலிருந்து போனவள். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கியபோது, விமானத்துக்குப் பயந்து பகலில் பதுங்கி இரவில் நடந்தவள். நேதாஜி எப்படி இருப்பார் என்றுதானே நச்சரித்தோம்? எதைத் தூக்கிக்கொண்டு நடந்தாய் என்று ஒரு நாளாவது கேட்டோமா? பசார் பையைக்கூட வலது தோளில் மாட்டமாட்டாள். அதை நடித்துக் காட்டி நீ கைதட்டு வாங்கினாய். நானும்தான் சிரித்தேன்.

அவள் தகரப் பெட்டியில் மரச் சீப்பு ஒன்று இருக்கிறது. பர்மா போய் வந்த சீப்பு என்பாள். நேற்று கேக் மாவு நிறுக்கும் தராசில் வைத்தேன். 19 கிராம். இரண்டு பல் இல்லை, இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு. படையில் சேர்ந்ததுமே முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்புறம் சீப்பு எதற்கடி?

உன் அம்மாவும் அதே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். ஞாபகம் தெளிவாக இருக்கும்போதே கேட்டுவிடு. தைப்பூசம்வரை தள்ளிப்போடாதே.

உன்
மீனா

பி.கு.: அட்டையிலுள்ள கோப்பிக் கறை என்னுடையது அல்ல. வரும்போதே இருந்தது.