ஹாக்கி நடுவர் சங்கம்: 2025–26ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெளியூர்களிலிருந்து வந்திருக்கும் நடுவர் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஓர் இரங்கல். நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும், நம்மில் பாதிப் பேருக்கு முதன்முதலில் விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவருமான நம் ‘சார்’ இந்த ஆண்டு ஆடி மாதம் காலமானார். அவர் கடைசி வரை உள்ளே பட்டாணி உருளும் பழைய பித்தளை விசிலைத்தான் வைத்திருந்தார். எச்சில் பட்டால் பட்டாணி ஒட்டிக்கொண்டு சத்தம் வராது என்பதால், ஆட்டம் தொடங்கும் முன் வேட்டி நுனியால் அதைத் துடைத்து, ஒருமுறை உதறிவிட்டு வாயில் வைப்பார். அவருடைய குடும்பத்தார் அந்த விசிலைச் சங்கத்திற்கே தந்துவிட்டார்கள். “ஊதுவதற்கு முன்னால் காலை எங்கே ஊன்றியிருக்கிறாய் என்று பார்” என்று அவர் சொல்லாத நாள் இல்லை. இந்த அறிக்கை முழுவதும் அந்தச் சொல்லையே நான் சுற்றி வருவதாகத் தோன்றினால் உறுப்பினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு நான் பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சியாகவே இருந்தது.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளுக்கான குறுவட்ட, மாவட்டப் போட்டிகளுக்கும், கோடை விடுமுறையில் ஊர்க் கழகங்கள் நடத்தும் ஆட்டங்களுக்கும் வழக்கம்போல் நடுவர்களை அனுப்பினோம். செயற்குழு முறைப்படி கூடியது. உறுப்பினர் சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இனி இந்த ஆண்டின் பெரிய செய்திக்கு வருகிறேன். ஆண்களுக்கான ஜூனியர் உலகக் கோப்பை, 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 அணிகள் ஆடிய தொடர் இது. சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம் நமக்குப் பழகியது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் மலேசியாவை இந்தியா 4–3 என்று வென்றதை அங்கே போய்ப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. ஆனால் மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் புதிய அரங்கம் எழுந்து, உலகக் கோப்பை ஆட்டம் நம் பக்கத்துக்கே வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சாத்தூர், விருதுநகர் வழியாக பஸ் பிடித்து, மாட்டுத்தாவணியில் இறங்கி, காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு நம் உறுப்பினர்கள் குழுவாகப் போய்வந்தார்கள். இந்தியா ஓமனை 17–0 என்று வென்ற ஆட்டமும், சுவிட்சர்லாந்தை 5–0 என்று வென்ற ஆட்டமும் அங்கேதான் நடந்தன.

கூட்டத்தில் எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் நடுவர்களைப் பார்த்தோம். இதற்காகவே வேலிக்கு மிக அருகில், கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் ‘வட்டத்தின்’ பக்கமாக இடம் பிடித்தோம்; அந்த வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். கண்ணில் பட்டதை எழுதிவைக்கக் கையில் நோட்டுடன் போயிருந்தேன். அதில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

தடுக்கும் அணி வட்டத்துக்குள் தவறு செய்தால், பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளித் தாக்க எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர். அதைக் கொடுத்தவுடன் நடுவர் என்ன செய்கிறார்? தாக்கும் அணி கோலை நோக்கி நிற்கும்போது அவர்களுக்கு வலப்புறமாக, பின்கோட்டை ஒட்டி வந்து நிற்கிறார். பந்தைத் தள்ளுபவர் பெரும்பாலும் எதிர்ப்புறம் இருப்பார். கார்னர் கொடுத்ததிலிருந்து அணிகள் தயாராவதற்கு 40 நொடிதான். அந்த நேரத்துக்குள் அவர் கண்கள் ஒரு பட்டியலையே முடித்துவிடுகின்றன. தள்ளுபவரின் ஒரு கால் பின்கோட்டுக்கு வெளியே இருக்கிறதா? கோல்கீப்பரையும் சேர்த்துத் தடுப்பவர்கள் ஐந்து பேருக்கு மேல் இல்லையே? அவர்களுடைய மட்டையோ காலோ கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா? தாக்குபவர்கள் வட்டத்துக்கு வெளியே நிற்கிறார்களா? மற்றொரு நடுவர் தூரத்தில் நின்றபடி, மீதித் தடுப்பு வீரர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் இருக்கிறார்களா என்று பார்க்கிறார். பந்து தள்ளப்படும் முன்னே ஒருவர் ஓடிவிட்டால் அவரை நடுக்கோட்டுக்கு அனுப்ப வேண்டும். அவருக்குப் பதில் வேறொருவர் வர முடியாது.

பந்து புறப்பட்ட பிறகுதான் உண்மையான வேலை. வட்டத்துக்கு வெளியே போய்த் திரும்பினால்தான் கோல் செல்லும். முதல் ஷாட் ஓங்கி அடித்ததாக இருந்தால், கோலின் அடிப்பலகை உயரமான 460 மில்லிமீட்டருக்குள் கோட்டைக் கடக்க வேண்டும். இழுத்துத் தூக்கும் ஃப்ளிக் என்றால் அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை, ஆபத்தாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே. தடுப்பவர் பந்தை நோக்கி ஓடிவருகிறார். 5 மீட்டருக்குள் அவருடைய முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் மறுபடியும் பெனால்டி கார்னர். முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் ஆபத்தான ஷாட் என்று அவர் அணிக்கே ஃப்ரீ ஹிட். ஒரே ஓட்டம், ஒரே அடி. பட்ட இடம் நான்கு விரற்கடை மாறினால் தீர்ப்பு தலைகீழ்.

மதுரையில் ஓர் ஆட்டத்தில் இப்படித்தான் நடந்தது. பந்து தடுப்பவரின் முழங்காலுக்கு அருகில் பட்டது. தாக்கும் அணியினர் கைகளை உயர்த்திக் கத்தினார்கள். அரங்கமும் சேர்ந்து கத்தியது. நடுவர் அசையவில்லை. முன்கையை மார்புக்குக் குறுக்கே சாய்வாக வைத்து ஆபத்து என்று காட்டி, தடுத்த அணிக்கு ஃப்ரீ ஹிட் கொடுத்துவிட்டார். எங்கள் அருகில் இருந்த இளைஞர் ஒருவர் “பார்க்கவே இல்லை இவர்” என்று கோபப்பட்டார். நாங்கள் பார்த்தோம். பந்து வருவதற்கு முன் அந்த நடுவர் இரண்டு எட்டு உள்ளே நகர்ந்திருந்தார். ஓடிவரும் வீரரின் முதுகு பார்வையை மறைக்காத இடம் அது. பழைய இடத்திலேயே நின்றிருந்தால் அவருக்குக் கால் தெரிந்திருக்காது, சத்தம்தான் கேட்டிருக்கும். சத்தத்துக்கு ஊதுகிற நடுவரும், கண்டு ஊதுகிற நடுவரும் ஒன்றல்ல.

இதை எழுதும்போது என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலை நான் கொடுத்தேன். வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்த பந்து, உள்ளே தாக்கும் வீரர் யாருடைய மட்டையிலும் படாமல் நேராக வலைக்குள் போனது. அது கோலே இல்லை. நான் இருபது அடி பின்தங்கி நின்றேன். கரிசல் மண்ணில் சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. உள்ளே நின்ற பையன் மட்டையை வீசியதைப் பார்த்து, பட்டிருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். தோற்ற பள்ளியின் பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. கோல்கீப்பர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அந்தப் பார்வை இன்றும் எனக்கு மறக்கவில்லை. நமக்கு வீடியோ நடுவர் இல்லை. வீரர் கைகளால் ஆங்கில ‘T’ வடிவம் காட்டி, வீடியோ பார்க்கச் சொல்லி முறையிட வழி இல்லை. ஆகவே, சர்வதேச நடுவரைவிட நமக்குத்தான் நிற்கும் இடம் அதிக முக்கியம்.

சென்னை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் சேர்ந்து பார்த்தோம். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் அர்ஜென்டினா 2–0 என்று முன்னிலையில் இருந்தது. கடைசிக் கால் பகுதியில் இந்தியா நான்கு கோல் அடித்து 4–2 என்று வென்றது. 57ஆவது நிமிடத்தில் 2–2 என்று இருந்தபோது கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை, அதாவது கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு அடிக்கும் வாய்ப்பை, சாரதா நந்த் திவாரி கோலாக்கினார். நம் பிள்ளைகள் வென்ற மகிழ்ச்சி எனக்கும் குறைவில்லை. ஆனால் நடுவராக நான் நினைத்தது வேறு. சொந்த மண், நிறைந்த அரங்கம், மூன்று நிமிடம் பாக்கி. அந்த நேரத்தில் ஒரு கையால் ஸ்ட்ரோக் புள்ளியைக் காட்டி, மறுகையை நேராக வானத்துக்கு உயர்த்துவதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! கொடுத்தால் கூட்டத்துக்குப் பயந்தார் என்பார்கள், கொடுக்காவிட்டால் கூட்டமே திட்டும். இரண்டையும் காதில் வாங்காமல் நிற்பதுதான் இந்தத் தொழில்.

இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1–1 என்று முடித்து, ஷூட் அவுட்டில் ஜெர்மனி 3–2 என்று கோப்பையை வென்றது. ஷூட் அவுட் பற்றி நாம் நடத்திய பயிற்சி வகுப்பையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். 23 மீட்டர் கோட்டிலிருந்து கோல்கீப்பரைத் தனியாகச் சந்திக்க வீரருக்கு 8 நொடி. அந்த 8 நொடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு பர்மிங்காமைவிட நல்ல பாடம் இல்லை. 2022 காமன்வெல்த் போட்டிகளில் மகளிர் அரையிறுதி, இந்தியா–ஆஸ்திரேலியா, 1–1. ஷூட் அவுட்டில் ஆஸ்திரேலியாவின் முதல் முயற்சியை நம் கோல்கீப்பர் சவிதா தடுத்துவிட்டார். பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கவே இல்லை என்று சொல்லி மறுபடியும் அடிக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை கோல் விழுந்தது. இந்தியப் பெண்கள் அதற்குப் பிறகு மீளவில்லை, 0–3 என்று தோற்றார்கள். சர்வதேச ஹாக்கி சம்மேளனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண்களுக்கு அந்த மன்னிப்பு எதைத் திருப்பிக் கொடுத்தது என்பதை நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. தவறு களத்தில் நின்ற நடுவர் காலில் இல்லை, கடிகாரத்தைக் கவனிக்கும் அதிகாரிகளின் மேசையில். ஆனாலும் விசில் ஊதுபவர் ஒரு நொடி திரும்பிப் பார்த்து, கடிகாரம் தயார் என்று கை வந்த பிறகே ஊத வேண்டும் என்பதை அன்று வகுப்பில் எல்லோரையும் எழுதிக்கொள்ளச் சொன்னோம். இந்த ஆண்டு முதல் நம் போட்டிகளில் மேசையில் இருப்பவர் கையை உயர்த்திக் காட்டாமல் எந்த ஷூட் அவுட் முயற்சியும் தொடங்காது.

அதே வகுப்பில் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியையும் எடுத்துப் பேசினோம். 2024 ஆகஸ்ட் 4, எதிரணி பிரிட்டன். 17ஆவது நிமிடத்தில் இந்திய வீரர் அமித் ரோஹிதாஸின் மட்டை எதிரணி வீரரின் முகத்தில் பட்டது. வீடியோ பார்த்த பிறகு சிவப்பு அட்டை. மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேருடன் ஆடி, 1–1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4–2 என்று இந்தியா வென்றது. நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் அன்று ஆடியதை நான் விவரிக்கத் தேவையில்லை. ரோஹிதாஸுக்கு ஓர் ஆட்டம் தடை விதிக்கப்பட்டது. அவர் இல்லாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2–3 என்று தோற்றோம். நடுவர் பணியின் தரம் பற்றி ஹாக்கி இந்தியா முறைப்படி புகாரும் கொடுத்தது.

வகுப்பில் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மட்டை உயர்ந்தது, முகத்தில் பட்டது, சிவப்பே சரி என்றார்கள் சிலர். பந்தைக் கொண்டுபோகும் ஓட்டத்தில் கை இயல்பாக எழுந்தது, அவர் கண் பந்தில்தான் இருந்தது என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாம் கட்சி. மஞ்சள் அட்டை போதுமானது, ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ வெளியே உட்காரச் செய்திருக்கலாம் என்பதே என் கருத்து. மெதுவாக ஓட்டிக் காட்டும் படத்தில் எந்த உரசலும் திட்டமிட்ட அடி போலத் தெரியும். வேகத்தை இழந்த படம் நோக்கத்தைப் பற்றி உண்மை சொல்லாது. வீடியோ எங்கே பட்டது என்று காட்டும். எதற்காகப் பட்டது என்பதை அருகில் நின்றவர்தான் சொல்ல முடியும்.

இந்த ஆண்டு வருத்தமான ஒரு நிகழ்ச்சியும் நடந்தது. ஒரு பள்ளி ஆட்டத்தில் நம் இளம் நடுவர் ஒருவர் கடைசி நிமிடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் ஒருவர் உள்ளே புகுந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். போட்டி நடத்தியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தீர்ப்பு சரியானது. கோலுக்குள் போகவிருந்த பந்தைத் தடுப்பவர் காலால் நிறுத்தியதை அவர் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவர் இரண்டு வாரம் விசிலைத் தொடவில்லை. பிறகு தலைவரும் நானும் வீட்டுக்குப் போய், அவருடைய அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குக் கையோடு அழைத்துவந்தோம். இனி நடுவருக்குப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுக்காத போட்டிகளுக்கு ஆள் அனுப்புவதில்லை என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. பொதுக்குழு இதை உறுதிப்படுத்த வேண்டும்.

பெண் நடுவர்கள் விஷயத்தில் நாம் பின்தங்கியே இருக்கிறோம். பயிற்சி வகுப்புக்கு வந்த கல்லூரி மாணவியரில் மூவர் தொடர்ந்து வருகிறார்கள். மூவருமே ஆடியவர்கள், ஓட்டம் இருக்கிறது. வரும் கோடைப் போட்டியில் பெண்கள் பிரிவு ஆட்டங்களுக்கு மட்டுமல்ல, ஆண்கள் பிரிவு ஆட்டங்களுக்கும் அவர்களை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்து பெங்களூரிலிருந்து நடுவர் ரகுபிரசாத் ஒலிம்பிக் களம் வரை போயிருக்கிறார். அந்தப் பாதை நம் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது, தேர்வு எழுத ஆங்கிலம் தெரியவில்லை என்ற தயக்கம்தான் குறுக்கே நிற்கிறது. விதிகளைத் தமிழில் எழுதிப் படித்துக்கொடுக்கும் பணியை நானும் மற்றொரு உறுப்பினரும் தொடங்கியிருக்கிறோம். பெனால்டி கார்னர் வரை முடிந்திருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு கேட்பவை: பட்டாணி இல்லாத புதிய விசில்கள், இரண்டு ஒலிபரப்புக் கருவிகள், எல்லா நடுவர்களுக்கும் கண் பரிசோதனை, மாதம் ஒருமுறை ஓட்டத் தேர்வு. ஓட்டத் தேர்வுக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளவும்.

சார் தந்த பித்தளை விசிலை, ஆண்டுதோறும் சிறந்த இளம் நடுவர் ஒருவர் தம் முதல் ஆட்டத் தொடக்கத்தில் ஊத வேண்டும் என்று முன்மொழிகிறேன். இந்த ஆண்டு அதை, தன் சட்டையை ஒருவர் பிடித்த பிறகும் மறுபடி களத்துக்கு வந்த நம் தம்பியிடம் கொடுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்